முறுக்குவிசைமானியா, முறுக்கமானியா?

வணக்கம்.

ஒரு விசை பொருளைத் திருப்பும் விளைவுதான் டார்க். அதை அளக்கும் டார்க் மீட்டருக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் விவாதத்தில் 'முறுக்குவிசைமானி' என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. அதற்குள் ஓர் ஆட்சேபணை. 'மானி'யோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் 'விசை'தான் உறுத்துகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் மோட்டாருக்கு லோட் டெஸ்ட் (சுமை கொடுத்துச் சோதிப்பது) செய்தவர்களுக்கு நினைவிருக்கும். பிரேக் டிரம்மைச் சுற்றி ஒரு பெல்ட், அதன் இரு முனைகளிலும் சுருள்வில் தராசு. டிரம் கொதித்துவிடும் என்று உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். இரண்டு தராசும் காட்டும் கிலோகிராமைக் கழித்து 9.81ஆல் பெருக்கினால் கிடைப்பது விசை, நியூட்டனில். அதை டிரம்மின் ஆரத்தாலும் பெருக்கினால்தான் டார்க், நியூட்டன் மீட்டரில். ஆரத்தை விட்டுவிட்டு ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மை வாங்கியவன் நான். விசை வேறு, டார்க் வேறு என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. அதற்கு நாமே 'முறுக்குவிசை' என்று பெயர் வைத்தால், அடுத்து வருகிறவனும் அதே இடத்தில் தடுக்கி விழுவான்.

> பாடநூலில் 'திருப்புத்திறன்' இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

'திருப்பு' எனக்கும் பிடிக்கும். திருப்புளி என்று ஸ்க்ரூடிரைவருக்கு எவ்வளவு அழகான சொல் நம்மிடம் இருக்கிறது! ஆனால் 'திறன்' இங்கே ஆகாது. அது வாட்டில் அளக்கும் பவருக்குப் போய்விட்டது. ஒரு மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றில் 10 நியூட்டன் மீட்டர் டார்க் தருகிறது. அதன் பவர் சுமார் 1.5 கிலோவாட், அதாவது இரண்டு குதிரைத்திறன். இதைத் திருப்புத்திறன், திறன், குதிரைத்திறன் என்று எழுதிப் பாருங்கள். எது எதைப் பெருக்கி வந்தது என்று எழுதியவருக்கே மறந்துபோகும்.

அழுத்தத்தைப் பாருங்கள். அதுவும் விசையிலிருந்து வருவதுதான், பரப்பால் வகுத்து. ஆனாலும் அதை அழுத்துவிசை என்று யாரும் சொல்வதில்லை. அழுத்து, அழுத்தம், அழுத்தமானி. அதே வழியில் முறுக்கு, முறுக்கம், முறுக்கமானி. இதுதான் என் பரிந்துரை. (முறுக்குமானி என்றால் தீபாவளிப் பலகாரத்தை அளப்பதா என்று கேட்ட நண்பருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.) டார்ஷனுக்கு, அதாவது பொருள் முறுக்கிக்கொள்வதற்கு, முறுக்கல் என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் மின்விசையை அளந்த தராசில் கம்பிக்கு ஏற்பட்டது முறுக்கல். அதை ஏற்படுத்தியது முறுக்கம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மானி ஒட்டவும் ஒட்டாது. சுழலும் தண்டில் அச்சுக்கு 45 பாகைச் சாய்வில் நான்கு ஸ்ட்ரெயின் கேஜ்களை (நீண்டாலும் சுருங்கினாலும் மின்தடை மாறும் மெல்லிய பட்டைகள்) ஒட்டி, அந்தச் சிறு மாற்றத்தைக் காட்டும் வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைத்து, நழுவு வளையம் (ஸ்லிப் ரிங்) வழியாகவோ கம்பியில்லாமலோ மின்சைகையை வெளியே எடுக்கிறார்களே, அது முறுக்க உணரி. எண்ணைக் காட்டும் பெட்டியையும் சேர்த்தால்தான் முறுக்கமானி.

டைனமோமீட்டர் சிக்கலானது. பிடியின் வலுவை அளக்கும் கைக்கருவிக்கும் அதே பெயர், இஞ்சின் சோதிக்கும் பெரிய இயந்திரத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்திலேயே தளர்வான சொல்லை நாம் ஏன் அப்படியே மொழிபெயர்க்க வேண்டும்? பிரெஞ்சுப் பொறியாளர் டி ப்ரோனி 1821இல் செய்தது மரக்கட்டைகளால் தண்டை இறுக்கும் பிரேக். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட் 1870களில் அதே வேலையைத் தண்ணீரிடம் கொடுத்தார். இன்றைக்குச் சுழல் மின்னோட்டம் (எடி கரண்ட்) செய்கிறது. மூன்றும் சுழற்சிக்குத் தடை கொடுத்துத்தான் அளக்கின்றன. ஆகவே இந்த வகைக்குத் தடை முறுக்கமானி.

> டார்க் ரெஞ்சையும் முறுக்கமானி வகையில் சேர்த்துவிடலாமா?

டார்க் ரெஞ்ச் என்பது போல்ட்டைக் குறித்த முறுக்கத்துக்கு இறுக்கும் ஸ்பேனர். அதில் எல்லா வகையையும் சேர்க்க முடியாது. ஐஎஸ்ஓ 6789 என்ற சர்வதேசத் தரமே இந்தக் கைக்கருவிகளை இரண்டாகப் பிரிக்கிறது: அளவைக் காட்டுபவை, முன்பே வைத்த அளவில் நிறுத்தச் சொல்பவை. முள்ளோ எண்ணோ உள்ளவற்றை மானி என்றால் எனக்குச் சம்மதம். 'டக்' என்று சொடுக்கும் வகை எதையும் அளந்து சொல்வதில்லை; போதும் என்கிறது, அவ்வளவுதான். நான் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையில் ஒரு மூத்த ஃபிட்டர், அந்தச் சத்தம் கேட்ட பிறகு "நம்ம திருப்திக்கு ஒண்ணு" என்று இன்னொரு இழுப்பு இழுப்பார். அத்தனை போல்ட்டும் கூடுதல் இறுக்கம். கருவி அளக்கிறது என்று நினைத்ததால் வந்ததல்ல அது, பழக்கம். ஆனாலும் பெயரிலேயே 'வரம்பு' இருந்திருந்தால் அவரிடம் வாதாட எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். வேலை முடிந்ததும் அதன் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பதையும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே அதற்கு 'முறுக்க வரம்பு ஸ்பேனர்'. ஸ்பேனரை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்பீர்கள். குறடு என்று எழுதிப் பார்த்தேன். பட்டறையில் குறடு கேட்டால் பிளையரைத்தான் நீட்டுவார்கள். சாவி என்றால் பூட்டு எங்கே என்பார்கள். ஸ்பேனர் என்றால் பையன் சரியாக எடுத்து வருகிறான். அவன் கையிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

இதே கணக்கில் டார்க் ஸ்க்ரூடிரைவர், முறுக்க வரம்புத் திருப்புளி. இதில் 'வரம்பு' வேண்டாம், நீளம் என்று நினைப்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். 'விசை'யை மட்டும் திரும்பக் கொண்டுவராதீர்கள்.