வெடித்த தேக்குத் தூண்களை வெளித்திண்ணையில் நிறுத்தலாமா?

குடியாத்தத்திலிருந்து கேட்கிறேன். பழைய வீட்டுத் தேக்குத் தூண்களில் நெடுக விரல் நுழையும் வெடிப்பு இருக்கிறது. ஒன்றின் அடிப்பகுதி இரண்டாகவே பிரிந்துவிட்டது. மழை படும் வெளித்திண்ணையில் இவற்றை நிறுத்த வழி உண்டா?

பதில் 1: ஐயா, வெடிப்பை மக்கு (புட்டி) வைத்து அடைக்காதீர்கள். வேலூர் வெயிலில் சுருங்கிய மரம் ஐப்பசி மழையில் உப்பும்போது, கல்லாய் இறுகிய மக்கு வெடிப்பை இன்னும் பிளக்கும். அதே தேக்கில் மெல்லிய ஆப்பைச் சீவி, ஒரு பக்கம் மட்டும் பசை தடவி இறக்குங்கள். மறுபக்கம் மரம் அசைய இடம் வேண்டும்.

பதில் 2: பிரிந்த அடிக்கு எபாக்ஸிப் பசைதான் ஏற்றது, சாதாரண வெள்ளைப் பசை மழைக்குத் தாங்காது. பழைய பெயிண்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டி, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்டிக் கயிற்றால் முறுக்கிக் கட்டுங்கள்.

பதில் 3: தூணைத் தரையில் நேராக நிறுத்தாமல் கருங்கல் பீடத்தின்மேல் ஏற்றுங்கள். தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அடிவெட்டு முகமே, அதாவது தூணின் அடியில் குறுக்கே வெட்டிய பரப்பு. அதற்கும் எபாக்ஸி பூசுங்கள். கூரைப் பாரம் தாங்கும் தூணென்றால், கழற்றுமுன் முட்டுக் கொடுப்பது கட்டாயம்.