கிராங்க் புல்லிக்கு வெல்டு வைக்கலாமா?

காலை 7:12
சித்தப்பா: படம் போட்டிருக்கேன் பாருங்க. பெல்ட் மாத்தக் கழட்டினப்ப கிராங்க் புல்லியோட வெளி வளையம் கையில ஆடுது. நடுவுல இருக்கற ரப்பர் வெடிச்சிருக்கு. நாலு இடத்துல வெல்டு வச்சா போதும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

மாமா: வேண்டவே வேண்டாம் மச்சான். அது வெறும் புல்லி இல்ல, டேம்பர், அதாவது அதிர்வை அடக்கற பாகம். ஹார்மானிக் பேலன்ஸர்னு சொல்றது இதைத்தான். வெல்டு வச்சா ஆட்டம் நிக்கும், ஆனா அது எதுக்கு இருக்கோ அந்த வேலையும் நின்னுடும்.

தம்பி: பெல்ட் ஓட்டறதைத் தவிர அதுக்கு என்ன வேலை மாமா?

மாமா: அதை உங்க அக்கா சொல்லட்டும் மாப்ள. அவ படிச்சதே அதிர்வுதான்.

அக்கா: சிலிண்டர்ல ஒவ்வொரு தடவை வெடிக்கும்போதும் கிராங்குக்கு, அதாவது பிஸ்டன் தள்ளித் திருப்பற தண்டுக்கு, ஒரு அடி விழுது. கிராங்க் பார்க்கக் கெட்டி இரும்பு, ஆனா ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சமா முறுக்கிக்கிட்டுத் திரும்பும். நாலு சிலிண்டர் எஞ்சின்ல 180 டிகிரிக்கு ஒரு அடி. 3000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 100 அடி.

அக்கா: அந்த அடியும் கிராங்கோட இயல்பான அதிர்வும் ஒத்துப்போற வேகம் வந்தா, ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளின மாதிரி முறுக்கு ஏறிக்கிட்டே போகும். அதை அடக்கத்தான் டேம்பர். கிராங்க்ல மாட்டியிருக்கற நடுப் பாகம்தான் உள் ஹப், அது கிராங்கோட சேர்ந்து துடிக்கும். வெளி வளையம் கனம், அது ஒரே சீரா சுத்தப் பார்க்கும். நடுவுல மாட்டின ரப்பர் அப்படியும் இப்படியும் இழுபட்டு அந்தத் துடிப்பை சூடா மாத்திடும்.

அக்கா: வெல்டு வச்சா ரெண்டும் ஒரே கட்டி. துடிப்பு போக வழியில்ல, கனம் மட்டும் கிராங்க் முனையில நிக்கும். நாளாக ஆக கிராங்க்ல விரிசல், வால்வுகளை கிராங்கோட ஒத்து ஓட்டற டைமிங் செயின்ல தேய்மானம், கிராங்க்ல கியரும் புல்லியும் நழுவாமப் பிடிக்கற சின்ன உலோகத் துண்டான கீ உடையறதுன்னு வரும். இதுல மோசம் என்னன்னா இந்த முறுக்கு அதிர்வு சீட்ல உட்கார்ந்தா பெரும்பாலும் தெரியாது. வண்டி நல்லா ஓடற மாதிரியே இருக்கும் சித்தப்பா.

சித்தப்பா: சரிம்மா, வெல்டு கிடையாது. புதுசு வர்ற வரைக்கும் இப்படியே ஓட்டலாமா?

மாமா: ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. வளையம் வழுக்கினா பெல்ட் கழண்டுடும். ஆல்டர்னேட்டர் நிக்கும். அந்த பெல்ட்லயே வாட்டர் பம்ப் ஓடினா எஞ்சின் ஹீட் ஆகும். வளையம் உள் பக்கம் நகர்ந்தா டைமிங் கவரையே அறுத்துடும்.

காலை 7:40
தம்பி: என் வண்டியில கழட்டாம எப்படிப் பார்க்கறது?

மாமா: எஞ்சினை நிறுத்திட்டு டார்ச் அடிச்சுப் பாரு. ரப்பர் பிதுங்கியிருக்கா, விரிசல் இருக்கா, ஹப்பும் வளையமும் ஒரே மட்டத்துல இருக்கா. அப்புறம் பெயிண்ட் மார்க்கர்ல ஹப், ரப்பர், வளையம் மூணையும் தாண்டி ஒரே நேர்கோடு போடு. கொஞ்ச நாள் ஓட்டிட்டுப் பாரு. கோடு உடைஞ்சு விலகியிருந்தா வளையம் வழுக்குது. வேற சோதனையே வேண்டாம், மாத்திடு.

அக்கா: வளையத்துல டைமிங் மார்க் இருக்கற எஞ்சின்னா இன்னும் கவனம். வழுக்கின வளையத்தை நம்பி டைமிங் வச்சா எல்லாமே தப்பாப் போகும். சில எஞ்சின்ல கிராங்க் சென்சார் படிக்கற பல் வளையமும் இந்தப் புல்லியிலேயே இருக்கும். அங்க ஸ்கேனர்ல பி0335 மாதிரி எரர் கோட் வந்தா சென்சாரை மாத்தறதுக்கு முன்னாடி புல்லியைப் பாரு.

தம்பி: ஐடில்ல ஒரு கடகட சத்தம் வருது. அது இதுவா?

மாமா: கோடு விலகல, ரப்பரும் நல்லாயிருக்குன்னா மட்டும் இதைச் செய். பெல்ட்டைக் கழட்டிட்டு 20, 30 செகண்ட் ஓட விடு, அதுக்கு மேல வேண்டாம், வாட்டர் பம்ப் நிக்கும். சத்தம் போயிட்டா பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரெஸர் பக்கம் தேடு. அப்பவும் வந்தா டேம்பர், இல்ல எஞ்சினுக்குள்ள.

காலை 8:05
சித்தப்பா: கழட்டறதுக்கு என்னென்ன வேணும்? மூணு கால் புல்லர் இருக்கு.

மாமா: அதை வளையத்துல மாட்டி இழுக்கவே கூடாது மச்சான். நல்ல டேம்பரையும் ரப்பரோட பிய்ச்சுடும். இறுக்கமா ஏறியிருக்கற ஹப்புல மரை போட்ட ஓட்டை இருக்கும். அதுல போல்ட் போட்டு இழுக்கற புல்லர்தான் வேணும். நடுத் திருகு கிராங்க் மரையைக் கெடுக்காம இருக்க முனையில ஒரு அடைப்பு வைங்க. சுத்தியல், கடப்பாரை ரெண்டும் பக்கத்துல வேண்டாம்.

மாமா: அதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்ட் போடுங்க. கிராங்க் சுத்தாம இருக்க அந்த எஞ்சினுக்குன்னு இருக்கற பிடிப்பான் இல்ல ஃப்ளைவீல் லாக். ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டைத் தளர்த்தற வேலை கை முறிக்கற வேலை.

அக்கா: போல்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி மேனுவல் பாருங்க சித்தப்பா. சில எஞ்சின்ல டைமிங் கியருக்கு கீயே கிடையாது, இந்த போல்ட்டோட இறுக்கம் மட்டும்தான் பிடிச்சிருக்கும். டைமிங் லாக் போடாம தளர்த்தினா டைமிங் நகர்ந்து வால்வும் பிஸ்டனும் மோதிக்கலாம்.

சித்தப்பா: ரப்பர் மேல ஆயில் பிசுக்கா இருக்கே, அது எங்கிருந்து?

மாமா: முன் ஆயில் சீல் கசியுது. ரப்பர் ஊறிப் போனதுக்கு அதுதான் காரணமா இருக்கும். புது புல்லி போடறப்பவே சீலையும் மாத்துங்க, இல்லன்னா புதுசும் இப்படியே போகும். சீல் ஓடற இடத்தை நகத்தால தடவிப் பாருங்க. புது ஹப்புல பள்ளம் இருக்காது. பழைய ஹப்பையே மறுபடி போடறதா இருந்து பள்ளம் தட்டினா மெல்லிய ஸ்லீவ் ஏத்தணும்.

தம்பி: புதுசு ஏத்தறப்போ மெதுவா தட்டி உள்ள தள்ளலாமா?

மாமா: ஒரு தட்டு கூட வேண்டாம் மாப்ள. அந்த அடி நேரா, கிராங்க் முன்னும் பின்னும் நகராம தாங்கற த்ரஸ்ட் பேரிங்ல இறங்கும். போல்ட்டை வச்சே இழுத்து ஏத்தறதும் தப்பு, ரெண்டு மூணு மரையில மொத்த பாரமும் விழுந்து மரை உரிஞ்சுடும். மரைத்தண்டும் நட்டும் இருக்கற இன்ஸ்டாலர் வச்சு ஏத்து. சீல் உதட்டுல கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவிக்கோ.

அக்கா: போல்ட் புதுசு வாங்குங்க. நிறைய எஞ்சின்ல அது ஒரு தடவை இழுபட்டா முடிஞ்சது. முதல்ல இவ்வளவு டார்க், அதாவது இறுக்கற விசை, அப்புறம் இன்னும் 90 டிகிரி திருப்பணும்னு மாதிரி இருக்கும். மரைக்கு ஆயில் போடணுமா வேண்டாமான்னும் மேனுவல்லதான் பாருங்க. ஆயில் போட்டா அதே டார்க்குக்கு போல்ட் இன்னும் அதிகமா இழுபடும்.

தம்பி: ரேஸ் வண்டியில போடற இலேசான அலுமினியப் புல்லி போட்டா?

அக்கா: டேம்பர் இருந்த இடத்துல அதைப் போடாதடா. ரப்பர் இல்லாத புல்லி வெல்டு வச்ச புல்லி மாதிரிதான். பாகம் எண்ணும் சரியா இருக்கணும். சில எஞ்சின்ல பேலன்ஸுக்கான எடை டேம்பர்லயே இருக்கும், அளவு ஒண்ணா இருக்குன்னு வேற போட்டா எஞ்சினே குலுங்கும்.

மாமா: பெரிய டீசல்ல ரப்பருக்குப் பதில் சிலிகோன் திரவம் அடைச்ச டேம்பர் வரும். அதுல சின்ன நசுங்கல் பட்டாலும் உள் வளையம் சிக்கிக்கும். மூடி திறந்து ரிப்பேர் கிடையாது.

சித்தப்பா: பாகம் எண் பார்த்துட்டேன். புல்லி, போல்ட், சீல் மூணும் சொல்லிடறேன்.

மாமா: பெல்ட்டும் சேர்த்துக்கோங்க, பழசுல ஓரம் பிரிஞ்சிருக்கு. புதுசு ஏத்தினதும் அந்தப் பெயிண்ட் கோட்டைப் போட்டுடுங்க மச்சான். அடுத்த தடவை ஆயில் மாத்தறப்ப கோட்டைப் படம் எடுத்து அனுப்புங்க.