சபை மலர்க் குழு: கொயர் பக்கம்

மலர்க் குழு தம்பி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்ம சர்ச் சபை மலர்ல கொயருக்கு (பாடகர் குழுவுக்கு) நாலு பக்கம் ஒதுக்கியிருக்கோம். கொயர் மாஸ்டர்கள் பேரு, வருசம், குரூப் போட்டோ இருந்தா போடுங்க. வெள்ளிக்கிழமை டிடிபிக்குக் கொடுக்கணும்.

கொயர் மாஸ்டர் ஐயா: பேரும் போட்டோவும் ஒரு பக்கத்துக்கு மேல வேணாம் தம்பி. வெஸ்ட்ரி (சர்ச்சோட பக்கத்து அறை) பீரோவுல பழைய பாட்டு நோட்டு அடுக்கி வச்சிருக்கு. எத்தனை குரல்ல பாடுனாங்க, எந்த சுதியில பாடுனாங்க, எதை நிறுத்துனாங்கன்னு அம்புட்டும் அதுல கிடக்கு. அதைப் பாத்து எழுது.

மலர்க் குழு தம்பி: பாத்தேன் ஐயா. ஒண்ணுலயும் தேதி இல்லையே.

ஆல்ட்டோ அக்கா: அட்டையைத் திருப்பி விலையைப் பாரு. 1957 ஏப்ரல் 1ல தசமக் காசு வந்துச்சு. அணாவுல மட்டும் விலை போட்டிருந்தா அதுக்கு முந்தி அச்சான நோட்டு. "ந.பை."ன்னு (நயா பைசா) இருந்தா 1957க்கு முந்தி இருக்கவே முடியாது. 1964ல "நயா"வை எடுத்துட்டாங்க, அப்புறம் வெறும் பைசாதான்.

ஆல்ட்டோ அக்கா: ஒண்ணு கவனி. விலை நோட்டோட வயசைத்தான் சொல்லும். அணா நோட்டை வாங்கி வச்சு 1960ல பாட்டு எழுதியிருக்கலாம். அதனால "இந்த வருசம் பாடினார்கள்"னு எழுதிறாத.

மலர்க் குழு தம்பி: சரிக்கா. உள்ள மடிச்சு வச்ச சைக்ளோஸ்டைல் தாளு, நோட்டீசுக்கெல்லாம்?

ஆல்ட்டோ அக்கா: விலாசத்துல 625ல ஆரம்பிக்கிற (மதுரைப் பக்கத்து) ஆறு இலக்கப் பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தினது. தமிழ் டைப் அடிச்ச தாள்னா லை, னை எழுத்தைப் பாரு. துதிக்கை போட்ட பழைய எழுத்தா, இப்ப எழுதுற மாதிரியா? எழுத்தை மாத்தி 1978ல அரசாணை வந்துச்சு. ஆனா பழைய டைப்ரைட்டர் அதுக்கப்புறமும் பல வருசம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. புது எழுத்து இருந்தா ஓரளவு நம்பலாம், பழைய எழுத்தை வச்சு மட்டும் முடிவு பண்ணாத.

மலர்க் குழு தம்பி: இப்ப முதல் பத்தி இப்படி எழுதியிருக்கேன்: "ஆரம்ப காலத்தில் நமது கொயர் ஆங்கில மெட்டுப் பாமாலைகளை மட்டுமே பாடி வந்தது. கீர்த்தனைகள் பிற்காலத்தில் சேர்ந்தன." சரியா?

பேஸ் மாமா: தப்பு. எதை வச்சு எழுதுன?

மலர்க் குழு தம்பி: பழைய நோட்டு முழுக்க பாமாலைதான் மாமா. கீர்த்தனை ஒண்ணு ரெண்டு, அதுவும் வெறும் வார்த்தை.

பேஸ் மாமா: அங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. பாமாலையை நாலு குரல்ல பாடணும். சொப்ரானோ, ஆல்ட்டோ (பெண்கள்ல மேல் குரல், கீழ் குரல்), டெனர், பேஸ் (ஆண்கள்ல மேல் குரல், கீழ் குரல்) நாலுக்கும் தனித்தனி வரி வேணும், அதனால எழுதி வச்சாங்க. கீர்த்தனையை எல்லாரும் ஒரே குரலா, காதால கேட்டுப் பாடுனாங்க. பல்லவி, அனுபல்லவி, சரணம் மனசுல நிக்கும். தலைப்புல ராகமும் தாளமும் போட்டிருந்தாப் போதும். நோட்டுல இல்லைங்கிறதால பாடலைன்னு ஆயிருமா?

பேஸ் மாமா: கீர்த்தனை நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்ல. அமெரிக்கன் மிஷன் மதுரைக்கு வந்தது 1834. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853லயே கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சுல கொண்டுவந்துட்டாரு. அதுல பெரும்பங்கு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் பாட்டு. சாஸ்திரியார் காலம் 1774 முதல் 1864, அதாவது அவர் உயிரோட இருக்கும்போதே. ஆக கீர்த்தனை "பிற்காலத்தில் சேர்ந்தது" இல்ல.

கொயர் மாஸ்டர் ஐயா: கீர்த்தனை எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னும் ரெண்டு வரி போடு. பாமாலை அளவு பூரா ஆங்கில அளவு. காமன் மீட்டர்னா வரிக்கு வரி அசை 8.6.8.6, லாங் மீட்டர்னா நாலு வரியும் எட்டு. அந்த மெட்டுல பாதிக்கு மேல முதல் சுரம் பார் கோட்டுக்கு (தாளக் கட்டைப் பிரிக்கிற கோடு) முன்னாடி, பலமில்லாத இடத்துல விழும். தமிழ்ச் சொல்லுக்கு முதல் எழுத்துலதான் எடுப்பு. அதனால "தேவா"ன்னு பாடுனா "தே" தொங்கி "வா" தூக்கும். குறில் வந்த இடத்துல ரெண்டு தட்டு இழுக்க வேண்டி வரும். ஜனங்க வாயில அது ஒட்டல. ராகத்துலயும் தாளத்துலயும் கட்டுன கீர்த்தனையில இந்தச் சண்டையே வராது.

மலர்க் குழு தம்பி: அருமை ஐயா. அப்படியே எடுத்துக்கிறேன். அடுத்த சந்தேகம், நோட்டுல பாமாலைக்கு மேல எழுத்து எழுத்தா இருக்கே, அதை டைப் பண்ணிக் கீபோர்டுல வாசிச்சா டெனர் எங்கயோ உச்சியில போகுது. தப்பா எழுதிட்டாங்களா?

ஆர்கன் அண்ணன்: எழுதுனவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. அது டோனிக் சோல்ஃபா. இங்கிலாந்துல ஜான் கர்வன் பரப்புன முறை, ஸ்டாஃப் (அஞ்சு கோட்டுல எழுதுற சுரம்) படிக்கத் தெரியாதவங்களுக்காக. டோ ரே மி ஃபா சோ லா டீ, ஏழுக்கும் முதல் எழுத்து மட்டும். எழுத்துக்கு மேல சின்னதா 1ங்கிற எண் போட்டா மேல் ஸ்தாயி, கீழ போட்டா கீழ் ஸ்தாயி. புள்ளி ரெண்டு (:) தட்டைப் பிரிக்கும், நேர்கோடு பாரைப் பிரிக்கும், கோடு (–) வந்தா முந்துன சுரத்தை இழுக்கணும். ஒத்தைப் புள்ளி தட்டைப் பாதியா வெட்டும்.

ஆர்கன் அண்ணன்: டெனர், பேஸ் ரெண்டையும் உண்மையான சுதிக்கு ஒரு ஸ்தாயி மேல எழுதுறதுதான் வழக்கம், சின்ன ஒண்ணுகளைக் குறைக்க. நீ வாசிக்கும்போது ரெண்டையும் ஒரு ஸ்தாயி இறக்கிரு, ஒழுங்காயிரும். இன்னொண்ணு, கையால நகல் எடுக்கும்போது முதல்ல காணாமப் போறது அந்தச் சின்ன ஒண்ணுதான். ஒரு வரி திடீர்னு ஏழு சுரம் குதிச்சா அங்க ஒரு ஒண்ணு விட்டுப்போயிருக்குன்னு வச்சுக்க.

மலர்க் குழு தம்பி: ஒரு நோட்டுல ஓரத்துல "டோ = எஃப்"னு மசியில இருக்கு. அதைப் பென்சில்ல அடிச்சு "இ ஃபிளாட்"னு எழுதியிருக்கு. இதெல்லாம் மலருக்கு வேணுமா?

ஆர்கன் அண்ணன்: கட்டாயம் வேணும். "டோ"வை எந்தச் சுதியில வைக்கணும்ங்கிறதுதான் அது. ரெண்டு அரைச்சுதி இறக்கியிருக்காங்க. மத்த பாட்டையும் பாரு. எல்லாப் பாட்டும் ஒரே அளவு இறங்கியிருந்தா வாத்தியம் மாறியிருக்கும், புது ஆர்மோனியம் சுதி வேறயா வந்திருக்கும். மேல் டோ தொடுற பாட்டு மட்டும் இறங்கியிருந்தா சொப்ரானோவுல உச்சி எட்டுற ஆளு குறைஞ்சிருக்கு. அந்த ஓரம் தெரியிற மாதிரி பக்கத்தை முழுசா படம் எடுத்து மலர்ல போடு. குரூப் போட்டோவை விட இது பேசும்.

பேஸ் மாமா: 😀 குரூப் போட்டோவுல பேஸ்காரங்க எப்பவும் பின்வரிசையில பாதி மூஞ்சிதான்.

மலர்க் குழு தம்பி: இன்னொரு தாள்ல ஒரு வரிக்கு மூணு பார், அடுத்த வரிக்கு நாலு பார். வார்த்தையே இல்ல. முடிக்காத பாட்டா?

கொயர் மாஸ்டர் ஐயா: அது பாட்டு இல்ல, சேண்ட். பைபிள்ல வர்ற சங்கீதங்களைப் பாடுறதுக்கு. மூணும் நாலும் ஏழு பார், சிங்கிள் சேண்ட். பதினாலு பார்னா டபுள். ஒவ்வொரு பாதியிலயும் முதல் சுரத்துல எத்தனை வார்த்தை வந்தாலும் சொல்லிக்கிட்டே போயி, கடைசி வார்த்தைகளுக்கு மட்டும் சுரம் மாத்தணும். மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷனோட காங்கிரிகேஷனல் வழி, ராமநாதபுரம் பக்கம் எஸ்பிஜிங்கிற இங்கிலாந்து மிஷனோட ஆங்கிலிக்கன் வழி. 1947 செப்டம்பர் 27ல சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆனப்புறம் ரெண்டும் ஒரே திருமண்டலம். அந்தச் சேண்ட் தாள் எந்த நோட்டுக்குள்ள இருந்துச்சுன்னு குறிச்சு வை. ரெண்டு வழியும் கலந்ததுக்கு அது சாட்சி.

ஆல்ட்டோ அக்கா: பிந்துன நோட்டுல கிராமிய மெட்டுப் பாட்டும் இருக்கும். அரசரடி இறையியல் கல்லூரியில பாடம் சொல்லிக்கொடுத்த தியோபிலஸ் அப்பாவு, "பரட்டை"ன்னு சொல்வாங்களே, அவர் நாட்டுப்புற இசையில ஆராதனை முறையே அமைச்சாரு. அதையும் பாமாலைக்குச் சமமா ஒரு பத்தியாவது எழுது. "எளிய பாடல்கள்"னு ஒதுக்குனா நல்லா இருக்காது.

மலர்க் குழு தம்பி: சரிக்கா. நோட்டெல்லாம் பொடிப்பொடியா உதிருது. லேமினேட் பண்ணிரவா?

ஆல்ட்டோ அக்கா: ஐயோ வேணாம்! சூட்டுல ஒட்டுனா திரும்பப் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தோட ஊறும். வெயில்ல காயப்போடாத, மசி வெளுத்துரும். பச்சை வேப்பிலை சொருகாத, ஈரம் ஏறும். ராமபாணப் பூச்சி இருந்தா மென்மையான பிரஷ்ஷால தட்டிட்டு, அமிலமில்லாத தாள்ல சுத்தி வை. துருப்பிடிச்ச பின்னை இழுக்காத, பின்பக்கம் கால் ரெண்டையும் நிமித்திட்டு எடு. நோட்டு நம்பரைப் பென்சில்ல உள்அட்டையில எழுது.

ஆல்ட்டோ அக்கா: படம் எடுக்குறப்ப ஜன்னலோரம், பிளாஷ் இல்லாம, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடு. வெறும் பக்கத்தையும் விடாத.

பேஸ் மாமா: பெரியவங்ககிட்ட பேட்டி எடுக்கப் போறியா? "எந்த வருசம் சேந்தீங்க"ன்னு கேட்டா குத்துமதிப்பாத்தான் வரும். பாட்டோட முதல் வரியைச் சொல்லி "உங்க குரலைப் பாடுங்க"ன்னு கேளு. வருசம் மறந்தவங்களுக்கும் ஆல்ட்டோ வரி மறக்காது. ஃபேனை (மின்விசிறி) நிறுத்திரு, போனை ஏரோப்ளேன் மோடுல போட்டு ஒரு முழம் தள்ளி வை. ரெக்கார்டு பண்றதை முன்கூட்டியே சொல்லிரு.

மலர்க் குழு தம்பி: நாலு பக்கம் பத்தாது போலயே 🙏 ஆறு கேக்கவா?

கொயர் மாஸ்டர் ஐயா: கேளு. பீரோ சாவி செயலர் ஐயாகிட்ட இருக்கு. ஒரு நேரத்துல அஞ்சு நோட்டுக்கு மேல வெளிய எடுக்காத, எடுத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுரு.

ஆர்கன் அண்ணன்: சனிக்கிழமை பிராக்டீசுக்கு அந்த இ ஃபிளாட் பாட்டைக் கொண்டு வா தம்பி. ரெண்டு சுதியிலயும் பாடிப் பாத்துருவோம்.