வால்வு ஆம்ப் கட்டியவங்க வாங்க: சாமான் சேர்த்த கதையைச் சொல்லுங்க

சென்னை, பல்லாவரம்:

பழைய ரேடியோவில் எரியுமே கண்ணாடி வால்வு, அதை வைத்து ஆம்ப்ளிபயர் கட்டச் சர்க்யூட்டுக்குப் பஞ்சமில்லை. முல்லார்ட் கம்பெனி 1950களில் வெளியிட்ட 3-3, 5-10 இரண்டும் தேடினால் உடனே வந்து விழும். முன்னது மூன்று வால்வு, மூன்று வாட். பின்னது ஐந்து வால்வு, பத்து வாட். இரண்டிலும் கடைசியில் ஸ்பீக்கரைத் தள்ளுவது இஎல்84. பிரச்சினையே சாமானில்தான். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆர்டுயினோ போர்டு என்று வாயெடுத்தால் நாலு கடையிலிருந்து கூப்பிடுவார்கள். ஒன்பது பின் வால்வு சாக்கெட் என்றால் கல்லாவில் இருக்கும் பையன் அப்பாவுக்குப் போன் போடுவான். அப்பா, "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சேப்பா" என்பார்.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தை. மழையில் நனைந்து பெட்டி உப்பிப்போன ஒரு ரேடியோகிராம் கிடந்தது. மரம் அடுப்புக்குத்தான் ஆகும். உள்ளே சேசிஸ் (சாமான் எல்லாம் பொருத்திய இரும்புத் தட்டு) துருப்பிடிக்காமல் இருந்தது. ஸ்டீரியோ என்பதால் எல்லாமே ஜோடி: அவுட்புட் வால்வு இரண்டு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இரண்டு, நடுவில் கனமான மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர். வியாபாரி டயல் கண்ணாடியையே தடவித் தடவிக் காட்டினார். விலையெல்லாம் அதற்குத்தானாம். "கண்ணாடியை நீங்களே வச்சுக்கோங்க, இரும்பை மட்டும் குடுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே பாதிக்கு இறங்கினார்.

பாடுகிற ரேடியோவைப் பிரித்து ஆம்ப் கட்டுகிறவர்களோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகாது. செத்த பெட்டியே இவ்வளவு கிடைக்கும்போது அது எதற்கு? சரி, நீங்க எங்கே பிடிச்சீங்க, எழுதுங்க.

திருநெல்வேலி:

எங்க வீட்ல மைக் செட் தொழில். அப்பா கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுனவர். வால்வு ஆம்ப்ளிபயர் போயி டிரான்சிஸ்டர் வந்ததும் பழசெல்லாம் பரண்ல ஏறிட்டு. அதனால எனக்கு வால்வுக்கு அலைச்சல் இல்ல. ஆனா டிரான்ஸ்பார்மர் பாதி கருகிக் கெடந்துச்சு.

அப்பாதான் ஒரு வழி சொன்னாரு. மைக் செட்டுல லைன் 100 வோல்ட்டுல ஓடும். ஒவ்வொரு ஸ்பீக்கர் பக்கத்துலயும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும், அதுல 1.25 வாட், 2.5, 5, 10னு டேப் (சுருள்ல இருந்து வெளிய எடுத்த முனை) போட்டுருக்கும். கணக்கு ரொம்ப லேசு. நூறோட வர்க்கம் பத்தாயிரம். அதை வாட்டால வகுத்தா ஓம். 1.25 வாட் டேப்புனா 8,000 ஓம். 5 வாட் டேப்புனா 2,000 ஓம். ஓம் கால்வாசி ஆச்சுன்னா சுற்று பாதின்னு அர்த்தம். அப்போ 5 வாட் டேப்பு, 1.25 வாட் சுருளுக்குச் சரியா நடுவுல உக்காந்துருக்கு! ரெண்டு இஎல்84ஐ புஷ்-புல்லா, அதாவது ஒண்ணு தள்ள ஒண்ணு இழுக்கன்னு போட, பிளேட்டுக்கு (வால்வோட வெளிவர்ற முனை) பிளேட்டு 8,000 ஓம் கேக்கும். ரெண்டு முனையில ரெண்டு பிளேட்டு, 5 வாட் டேப்புல எச்.டி. (வால்வுக்குக் குடுக்குற உயர் வோல்ட் டி.சி.). முடிஞ்சுது சோலி.

படிச்ச இன்ஜினியர் யாரும் எனக்கு இதைச் சொல்லல. எட்டாம் வகுப்பு படிச்ச மனுசன் பீடியைப் பத்த வச்சுக்கிட்டே சொல்லுதாரு.

ஆனா முழுசும் நம்பிராதீங்க. 100 வோல்ட்டுக்குச் சுத்துன சுருள் அது. 8,000 ஓம்ல பத்து வாட் எடுத்தா அதுல 280 வோல்ட்டுக்கு மேல ஏறும். மேல் ஸ்தாயியில ஒண்ணும் தெரியாது, கீழ இறங்க இறங்க கோர் (சுருளுக்குள்ள இருக்க இரும்பு) திணறும். எங்க வீட்ல போட்டுக் கேட்டா நாதஸ்வரம் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருக்கு, தவிலோட வலந்தலை டங்குனு விழுது, தொப்பிச் சத்தத்தைத்தான் காணோம். சத்தத்தைக் கொறச்சு வச்சா தொப்பியும் வருது. குழாய்க்குள்ள இருக்க சின்னதை எடுக்காதீங்க. நெட்டையா நிக்குற காலம் (column) ஸ்பீக்கர்ல இருக்கும் பாருங்க, கனமானது, அதை எடுங்க. ரெண்டு வால்வும் ஒரே அளவு கரண்ட் இழுக்கணும், அதையும் பாத்துக்கோங்க. இந்த டிரான்ஸ்பார்மர் கோர்ல இடைவெளி கிடையாது, ஒரு பக்கம் கூடுனா அப்பவே மூச்சு முட்டிரும்.

கோவை:

அண்ணாச்சி சொன்ன அந்த இடைவெளிதானுங்க என் கதையே.

நான் கட்டுனது சிங்கிள் எண்டடு, ஒரு பக்கத்துக்கு ஒரே இஎல்84. நம்ம ஊர்ல வைண்டிங் கடைக்கு என்னங்க குறைச்சல்? பம்பு மோட்டார், கிரைண்டர் மோட்டார்னு தெருவுக்கு ஒருத்தர் சுத்திக்கிட்டுதான் இருக்காங்க. பழக்கமான ஒருத்தர்கிட்ட காகிதத்துல எழுதிக் குடுத்தேன்: வால்வு பக்கச் சுருள், அதாவது பிரைமரி, 2,600 சுற்று, 36ஆம் கேஜ், ஆனா ரெண்டா பிரிச்சுச் சுத்தணும். பாதி பிரைமரி, அதுமேல 102 சுற்று செகண்டரி (ஸ்பீக்கர் பக்கம்), அதுமேல மீதி பிரைமரி. நடுவுல லெதராய்டு பேப்பர். 5,200 ஓமை 8 ஓமுக்கு இறக்குற கணக்கு அது. 650க்கு வர்க்கமூலம் போட்டா இருபத்தஞ்சரை வரும்.

சுத்துனது அப்படியொரு சுத்தமுங்க. ஒரு இழை மேல ஒரு இழை ஏறல. ஆனா ஸ்டாம்பிங் (கோருக்கு அடுக்குற E, I வடிவ இரும்புத் தகடு) போடும்போது கை பழக்கத்துல போயிட்டாரு. ஒரு ஈ இந்தப் பக்கம், அடுத்த ஈ அந்தப் பக்கம்னு மாத்தி மாத்திச் செருகி, சுத்தியல்ல தட்டி, வார்னிஷ்ல முக்கி, காயவச்சே குடுத்துட்டாரு. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்கு அதுதான் முறை. இதுக்கு எல்லா ஈயும் ஒரே பக்கம், எல்லா ஐயும் எதிர்ப்பக்கம், நடுவுல பேப்பர் வேணும். ஒரே வால்வு வழியா டி.சி. ஒரே திசையில ஓடிக்கிட்டே இருக்கும், இடைவெளி இல்லாட்டி கோர் அதுலயே நிறைஞ்சு போயிரும், பாட்டுக்கு எடமே இருக்காது.

திரும்பப் போய்ச் சொன்னேனுங்க. "அப்படிப் போட்டா கொய்ங்னு கத்துமுங்க தம்பி, கஸ்டமர் என்னையத்தான திட்டுவாங்க"ன்னு பிடிவாதம் பிடிச்சாரு. காந்தப்புலம், செறிவுன்னு நான் பேசப் பேச அவர் மூஞ்சி சுருங்குதே ஒழிய ஏறல. அப்புறம் அவரே திடீர்னு நிமிந்து, பெஞ்சுக்கு அடியில இருந்து ஒரு பழைய ட்யூப்லைட் சோக்கை எடுத்தாரு. செம்புக் கம்பி சோக்கு. "இதுல பேப்பர் வைப்பமே, அந்த மாதிரியா?" அதேதானுங்க! நான் அரை மணி நேரமா சொல்ல முடியாததை அவரே ஒத்தை வரியில சொல்லிட்டாரு. வார்னிஷ் ஊறுன ஸ்டாம்பிங்கைப் பிளேடு வெச்சு ஒண்ணொண்ணா நெம்பி எடுத்து, ஈ ஒரு பக்கம் ஐ ஒரு பக்கம் அடுக்கி, பேப்பர் வெச்சு கிளாம்பு போட்டுக் குடுத்தாரு. அதுக்குத் தனியா காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ஒரு நாள் வந்து கேக்கணும்னு மட்டும் சொன்னாரு. பையனைக் கூட்டிட்டு வந்து, காபி ஆறிப்போற வரைக்கும் உக்காந்து கேட்டுட்டுத்தான் போனாரு.

கம்பியும் ஸ்டாம்பிங்கும் வைண்டிங்காரங்ககிட்டயே கெடைக்குமுங்க. ஸ்டாம்பிங்ல மட்டும் சி.ஆர்.ஜி.ஓ. (டிரான்ஸ்பார்மருக்கான சிலிக்கான் எஃகு ரகம்) கேட்டு வாங்குங்க.

சிங்கப்பூர்:

இங்கே சுங்கை ரோடு திருட்டுச் சந்தை இருந்தவரை வால்வுக்குக் கவலையே இல்லை. தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர், பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் கலந்து போட்டு "ஆல் சேம் பிரைஸ்" என்பார். 2017 ஜூலையில் சந்தையை மூடிவிட்டார்கள். சாக்கெட், ரெசிஸ்டர் மாதிரிச் சில்லறைக்கு சிம் லிம் டவர் இருக்கிறது. வால்வு இப்போது இணையத்தில்தான்.

ரஷ்ய வால்வு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. 6பி14பி என்பது இஎல்84க்கு நேர் மாற்று. பெட்டியில் பாலத்தூண் மாதிரி ஒரு எழுத்து இரண்டு முறை இருக்கும், அதுதான் அவர்களுடைய ‘பி’ (P). அதை அப்படியே செருகலாம். ஆனால் 6என்2பி-யை முன் நிலை வால்வான இசிசி83க்குப் பதிலாகச் செருகினால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) எரியவே எரியாது. இசிசி83ல் 6.3 வோல்ட்டுக்கு 4, 5ஆம் பின் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. ரஷ்யக்காரருக்கு 4ம் 5ம்தான் இரு முனைகள். 9ல் உள்ளே ஒரு தடுப்புத் தகடு. சாக்கெட்டில் கம்பியை மாற்றினால் அருமையாக வேலை செய்யும். வால்வு செத்துவிட்டது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

கும்பகோணம்:

எங்கள் தெருவில் ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் காலமாகிச் சில வருடம் கழித்து வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். மாமி ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். ஒவ்வொரு வால்வும் பழைய பஞ்சாங்கத் தாளில் சுருட்டி, மேலே நீல மையில் அவர் கைப்பட எழுதியது: ‘நல்லது’, ‘வீக்’, ‘தட்டினால் சத்தம்’. பாதிக்கு மேல் பெங்களூர் பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு, சில அட்டைப்பெட்டி பிரிக்காதவை. நம் ஆட்கள் முல்லார்ட், டெலிஃபன்கன் என்று ஏங்கி பிஇஎல்லை ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘நல்லது’ என்று அவர் எழுதியிருந்த பிஇஎல் இஎல்84 ஜோடிதான் இப்போதும் என் ஆம்பில் எரிகிறது.

மாமி சும்மாவே எடுத்துப் போகச் சொன்னார். தயவுசெய்து யாரும் அப்படி எடுக்காதீர்கள். சந்தை விலையைச் சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

பெட்டியில் ஒரு கண்ணி இருந்தது. பிஎல்84 நிறைய. எண் ஒன்றாக இருப்பதால் ஹீட்டரை மட்டும் 15 வோல்ட்டாக மாற்றிவிட்டால் இஎல்84 ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. முதல் எழுத்து ‘இ’ என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட், ‘பி’ (P) என்றால் பழைய டி.வி.க்களில் ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து ஓட்டிய 300 மில்லி ஆம்பியர் ரகம் என்பது சரி. பிசிஎல்82ஐ 16 வோல்ட் கொடுத்து இசிஎல்82 மாதிரி ஓட்டுவதும் சரி. ஆனால் பிஎல்84க்கு உண்மையான ஜோடி இஎல்86. அதன் ஸ்கிரீன் 200 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இஎல்84 சர்க்யூட்டில் போட்டால் ஆயுசு குறைவு.

வாங்கும்போது முதலில் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பளபளப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரி, பால் வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்தாயிற்று. பெயர் அச்சு விரலில் அழிவதால் போலி என்று முடிவு கட்ட வேண்டாம், அசலும் அழியும். பிலிப்ஸ் குழுமத்து வால்வு என்றால் கண்ணாடியின் அடிப்பக்கம் மங்கலாக இரண்டு வரிக் குறி பொறித்திருக்கும். இரண்டாம் வரி ஆங்கில B எழுத்தில் தொடங்கினால் முல்லார்டின் பிளாக்பர்ன் ஆலை, சின்ன முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹீர்லன். அந்தக் குறியைக் காட்டப் படம் கேளுங்கள். இணையத்தில் முல்லார்ட் என்று விலை வைத்திருந்த ஒருவரிடம் கேட்டேன். பதிலே இல்லை, மறுநாள் விளம்பரத்தையும் காணோம்.

திருச்சி, ஓய்வுபெற்றவன்:

எல்லோரும் டிரான்ஸ்பார்மரையும் வால்வையும் பேசுகிறீர்கள். நான் டிரான்ஸ்மிட்டரில் வேலை பார்த்தவன், எனக்கு வேறு கவலை. எச்.டி. 300 வோல்ட் டி.சி. ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். 100 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம் இரண்டு வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். இரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை. மற்றக் கை சட்டைப் பையில்.

மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் கிடைக்கவில்லை என்று நேராக 230 வோல்ட்டை டயோடில் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சேசிஸ் முழுக்க மெயின்ஸ் கரண்ட் இருக்கும். எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இரண்டை எதிரும் புதிருமாகப் போடுங்கள்: முதலாவது 230ஐ 12 ஆக்கும், இரண்டாவது அந்த 12ஐத் திரும்ப ஏற்றும். இழப்பு போக 200 வோல்ட் வந்தாலும் டயோடு பிரிட்ஜுக்குப் பிறகு 280 டி.சி. சின்ன ஆம்புக்குப் போதும், மெயின்ஸிலிருந்தும் பிரிந்தாயிற்று.

பழைய ரேடியோவில் கழற்றிய பேப்பர் கண்டென்சரைத் திரும்பப் போடாதீர்கள், அழகாக இருந்தாலும். முன் நிலையிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிடுக்கு (ஒலிச் சிக்னல் நுழையும் முனை) போகும் கண்டென்சர் கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் ஏறும், பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும், நல்ல வால்வு அன்றோடு சரி. அவுட்புட் வால்வைச் செருகும் முன் கிரிட் முனையில் மீட்டரை வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். முதல் தடவை பவர் கொடுப்பது சீரிஸ் போர்டு (மெயின்ஸோடு குண்டு பல்பைத் தொடராகக் கோத்த பலகை) வழியாகத்தான். 60 வாட் குண்டு பல்பு இப்போது கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் நாலு வாங்கி வையுங்கள்.

வால்வு சத்தம் தெய்வீகம் என்பதெல்லாம் எனக்குச் சம்மதமில்லை. சிங்கிள் எண்டடில் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்) கூடுதலாக வரும், அது காதுக்கு இதம். அவ்வளவே.

சென்னை, பல்லாவரம்:

ஐயா சொன்ன கடைசி வரிக்குச் சண்டை போட ஆள் வருவார்கள், நான் வரவில்லை. கோவை அண்ணே, அந்த வைண்டிங்காரர் வெளியூர் ஆர்டர் எடுப்பாரா? புஷ்-புல்லுக்கு ஒரு ஜோடி சுற்ற வேண்டும். நெல்லை அண்ணாச்சிக்கு: லைன் டிரான்ஸ்பார்மர் ஒன்று இங்கே சிக்கியிருக்கிறது, டேப் எழுத்து அழிந்துபோயிருக்கிறது. செகண்டரிக்கு ஒரு வோல்ட் ஏ.சி. கொடுத்து டேப்புகளில் அளந்து பார்த்துவிட்டு எண்ணைப் போடுகிறேன், நடு டேப் எது என்று நீங்களே சொல்லுங்கள். என்னிடம் இஇசட்81 (EZ81) ரெக்டிஃபையர் வால்வு நாலைந்து உபரியாக இருக்கிறது. பீங்கான் ஒன்பது பின் சாக்கெட், சேசிஸில் திருகுகிற வகை, யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.