16 பக்கத் திருவிழா மலர்: லேஅவுட்டை எங்கிருந்து தொடங்குவது?

மண்டபம்_பிளெக்ஸ்:

அண்ணன்மார்களே, மண்டபத்தில் ஒரு பிளெக்ஸ் கடையில் ஆறு வருடமாகக் கோரல்டிராவில் வேலை பார்க்கிறேன். காதணி விழா, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி, தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையேறினால் பெயர் ஸ்டிக்கர், இதுதான் நம் உலகம். இப்போது மாதா கோயில் திருவிழா மலர் ஒன்று வந்திருக்கிறது. ஏ5 அளவு, 16 பக்கம், நாலைந்து கட்டுரை, மீதி ஐஸ் கம்பெனி, வலைக்கடை, விசைப்படகுக்காரர்கள் கொடுத்த விளம்பரம். பிளெக்ஸ் போடுகிற மாதிரியே ஒவ்வொரு பக்கமாகக் கண்ணளவில் அடுக்கிவிட்டேன். 9ஆம் பக்கத்தில் பங்குச்சாமியார் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார், அதோடு பின்னால் வந்த அத்தனை பக்கமும் சரிந்து இரண்டு ராத்திரி போச்சு. எதிரெதிர்ப் பக்கங்களில் வரிகளும் நேராக நிற்கவில்லை. சரி, புத்தகப் பக்கம் அடுக்குகிற இன்டிசைன் மென்பொருளுக்கு மாறலாம் என்று பார்த்தால், தேர்பவனி என்று அடித்தால் ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கிறது இரட்டைக்கொம்பு. எங்கே தப்பு?

கீழக்கரை_பக்கம்:

கொம்பு விஷயம் சின்னது தம்பி. பாராகிராஃப் பேனல் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயே (பத்திகளுக்கென்று சேமித்து வைக்கிற அமைப்பு) வைத்துவிட்டால் ஒவ்வொரு பத்திக்கும் தேட வேண்டாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கட்டுரை வந்தால் முதலில் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

லேஅவுட்டுக்கு வருவோம். நீங்கள் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், வரியிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்து 11 பாயின்ட் என்றால் வரிக்கு வரி 16 வையுங்கள். மென்பொருள் தானாகக் கொடுக்கிற 120 சதவீதம் ஆங்கிலத்துக்குப் போதும், நமக்கு மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கீ’யின் சுழியும் இடித்துக்கொள்ளும். 30 வரி போட்டால் 480 பாயின்ட், அதாவது 169 மி.மீ. ஏ5 உயரம் 210, மிச்சம் 41, மேலே 18 கீழே 23 விடுங்கள். அகலம் 148இல் உள்பக்கம் 18, வெளிப்பக்கம் 14 போக 116 மி.மீ. கிடைக்கும். அந்த 16 பாயின்ட்டையே பேஸ்லைன் கிரிட்டாக, அதாவது எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான வரிக்கோடுகளாகப் போட்டு, ஸ்டைலில் வரிகளை அதோடு ஒட்டவையுங்கள். எதிர்ப்பக்க வரி தானாக நேராகும்.

இனிதான் ருசியே. 30 வரியை ஆறு ஆறு வரியாக நாலு கட்டமாக வெட்டுங்கள், கட்டத்துக்கு நடுவில் இரண்டு வரி வெற்றிடம். கால் பக்க விளம்பரம் 6 வரி, அரைப் பக்கம் 14 வரி, முழுப் பக்கம் 30. படமும் அதே கட்டத்தில்தான் உட்காரும். ஜோசப் முல்லர்-புரோக்மன் மாதிரி சுவிஸ் டிசைனர்கள் 1950களில் செய்த கணக்கு இது, நம் மலருக்கும் பிசகாது. கட்டுரை ஓடுகிற பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுங்கள், சாமியார் எத்தனை பத்தி சேர்த்தாலும் எழுத்துதான் நகரும்.

தொண்டி_அச்சு:

அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்று. ஆசையில் பக்கத்தை நெடுக்கில் இரண்டு காலமாக (column) பிரித்துவிடாதீர்கள். நடுவில் 6 மி.மீ. விட்டால் ஒரு காலத்துக்கு 55 மி.மீ. தான், ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற ஒரு சொல்லே ஏறக்குறைய முழு வரியையும் தின்றுவிடும். இரண்டு ஓரமும் நேராக்கினால் மேல்வரியில் மாட்டிய இரண்டு சொல் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ஒரே காலமாக, இடது ஓரம் மட்டும் நேராக வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

இன்டிசைனுக்குச் சந்தா கட்ட முடியாது என்றால் ஸ்கிரைபஸ் இலவசம். 1.6ஐ இறக்குங்கள், பழைய 1.4இல் தமிழ் ஒழுங்காகச் சேராது. பேஸ்லைன் கிரிட், மாஸ்டர் பேஜ் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாதிரிப் பக்கம்), ஸ்டைல் எல்லாம் அதிலும் உண்டு, மெனுதான் கொஞ்சம் முரடு. கோரலை விளம்பரம் வரைய வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை ஓட்ட வேண்டாம். அப்புறம் ஓரம் வரை போகிற படத்துக்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் விட்டு, பக்கங்களை 1, 2, 3 என்று வரிசையாகவே பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மடிப்புக்கு ஏற்ற வரிசையை நீங்களே போட்டு அனுப்பினால் பிரஸ்ஸில் திட்டுவார்கள், நான் வாங்கியிருக்கிறேன்.

மண்டபம்_பிளெக்ஸ்:

ராத்திரியே உட்கார்ந்து போட்டுவிட்டேன். கொம்பு திரும்பி வந்துவிட்டது. இன்று காலை சாமியார் இன்னொரு பத்தி கொடுத்தார், பத்து நிமிட வேலை. ஒரு சிக்கல்தான் பாக்கி. ஐஸ் கம்பெனிக்காரர் போன வருடம் நாமே அடித்த பத்துக்கு மூன்று அடி பிளெக்ஸை அப்படியே விளம்பரமாகப் போடச் சொல்கிறார். அரைப் பக்கத்தில் வைத்தால் மேலும் கீழும் காலியாகக் கிடக்கிறது. இழுத்துவிடலாமா?

கீழக்கரை_பக்கம்:

இழுக்காதீர்கள், முதலாளி முகம் பூசணிக்காய் ஆகிவிடும். ஆறு வரிக் கட்டம் 116க்கு 34 மி.மீ. வருகிறது, உங்கள் பிளெக்ஸ் 113க்கு 34ஆகச் சுருங்கி உட்கார்ந்துவிடும். ஆனால் அரைப் பக்கக் காசு வாங்கியிருந்தால் மிச்சத்தை முதலில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.