புதுப்பிப்பு: லைட் கர்ட்டன் சும்மா ட்ரிப் ஆன பிரச்சினை தீர்ந்தது

சேலம் ஜவ்வரிசி ஆலை பேக்கிங் மெஷின் பேனலில், பக்கத்து 24 வோல்ட் டிசி காண்டாக்டர் (காயில் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) விடும்போதெல்லாம், அதாவது ஆஃப் ஆகும்போதெல்லாம், லைட் கர்ட்டனின் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை) சேஃப்டி ரிலே ட்ரிப் ஆவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேபிள் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இரு முனையிலும் எர்த் செய்தும் மாற்றமில்லை. காயில் ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் தாவலை அடக்க, அந்தக் காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கேத்தோடு பிளஸ் பக்கம்: இந்த யோசனைதான் பலித்தது.

எதிர்பாராதது ஒன்று. மோட்டாரை நிறுத்தும் இரண்டு சேஃப்டி காண்டாக்டர்களுக்கும் அதே டயோடைப் போட்டதும், விடும் நேரம் 15 மில்லி செகண்டிலிருந்து 75 ஆனது. காயில் கரண்ட் டயோடு வழியே சுற்றி மெதுவாகத்தான் இறங்குகிறது. கர்ட்டனை எவ்வளவு தள்ளி வைக்கணும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 13855 தரத்தின் கணக்கில் கை வேகம் நொடிக்கு 2000 மிமீ. கூடிய 60 மில்லி செகண்டுக்கு கர்ட்டனை இன்னும் 120 மிமீ தள்ளி வைக்கணும். சேஃப்டி காண்டாக்டர்களில் தயவுசெய்து வெறும் டயோடு போடாதீர்கள். பி6கேஇ39சிஏ இருதிசை டிவிஎஸ் (வோல்டேஜ் தாவலை வெட்டும் டயோடு) போட்டதும் விடும் நேரம் 22 மில்லி செகண்டுக்கு இறங்கியது, ட்ரிப்பும் இல்லை.