எஃப்எம் ஸ்டீரியோ பிரிக்க உதவி வேணும்

வணக்கம் நண்பர்களே. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ சிக்னல் பிடிக்கிற சின்ன யுஎஸ்பி கருவி) வச்சு பைத்தானில் எஃப்எம் ரிசீவர் எழுதிப் பழகுறேன். ரெடிமேட் மென்பொருள் வேண்டாம்னு ஒரு வீம்பு! 101.4-ல் சென்னை ரெயின்போ எஃப்எம் மோனோவில் தெளிவா கேக்குது.

ஸ்டீரியோதான் மக்கர் பண்ணுது. ஸ்பெக்ட்ரத்தில் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் (ஸ்டீரியோ பிரிக்க நிலையம் கூடவே அனுப்புற வழிகாட்டி அலை) ஊசி மாதிரி நிக்குது. அதை மட்டும் வடிகட்டி, வர்க்கப்படுத்தி, வர்ற 38 கிலோஹெர்ட்ஸ் அலையால் முழு சிக்னலைப் பெருக்கினா இடது-வலது வித்தியாசம் கிட்டத்தட்ட சுழியம். பைலட்டை வடிகட்டுற ஃபில்டர் 101 டேப் (அதாவது 101 எண்கள்) நீளம், அதனால பைலட் 50 சாம்பிள் தாமதமாகுது; அதுக்காக முழு சிக்னலையும் 50 சாம்பிள் தள்ளிட்டேன், பலனில்லை.

வர்க்கப்படுத்தும்போது ஃபேஸ் (அலையோட கட்டம்) 90 டிகிரி விலகிடுதுன்னு சந்தேகம். ஹில்பர்ட் (ஃபேஸை 90 டிகிரி நகர்த்துற கணக்கு) போட்டுத் திருப்பினா போதுமா, இல்ல பிஎல்எல் (பைலட்டோட ஃபேஸைப் பின்தொடர்ந்து பூட்டிக்கிற லூப்) எழுதித்தான் ஆகணுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. என் கணக்கு பிளஸ் டூவோட நின்னுபோச்சு, கொஞ்சம் நிதானமா விளக்குங்க.